பக்கத்தை நிரப்பிய அருவி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பெற்றவர் இதை எழுதும் எழுத்தாளரே. தன்னை 'அவர்' என்று எழுதிக்கொள்வது மரியாதைக்காக அல்ல, தப்பிப்பதற்காக.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு வார இதழுக்கு மலைப் பயணக் கட்டுரை எழுதினார். பக்கத்தில் கால்வாசி காலியாக நின்றது. மலையில் இருந்ததோ ஒரே அருவி. 'அதற்கும் மேலே, மனிதக் காலடி படாத இரண்டாவது அருவி' என்று ஒன்றைக் கொட்டவிட்டார். பக்கம் நிரம்பியது.

2

தொடக்கம்: 'மௌனமே பனியாக உறைந்த அந்த மலைக்கிராமத்தில்—'

(வேண்டாம். அங்கே ரேடியோ அலறுகிறது. ஓர் ஆட்டுக்காக இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்.)

இம்முறை அதே மலைக்கு மனைவியோடு போனார். தேநீர்க் கடையில் வழிகாட்டி ஒருவர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு மடிப்பில் கிழிந்த தாளொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதே கட்டுரை. எழுத்தாளரின் படமும் இருந்தது, அன்றைய முடியோடு.

"சார், நீங்கதானே இது? அந்த ரெண்டாவது அருவிய ஒருதடவ காட்டிட்டுப் போங்க. வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்குறாங்க. அச்சுல வந்துடுச்சேன்னு நானும் 'இருக்கு'ன்னு சொல்லிட்டேன். தேடாத இடமில்ல."

"புளுகண்ணே, டீ ஆறுது!" என்றார் கடைக்காரம்மா.

"பாத்தீங்களா சார்? ஊர்ல இப்ப இதான் என் பேரு."

மனைவி காதைக் கடித்தார்: "சொல்லித் தொலைங்களேன்."

"இரு, அவரு மனசு உடைஞ்சுடும்."

"அவரு மனசா, உங்க மானமா?"

3

(ஒரு மனிதர் இவ்வளவு நம்புவாரா? எழுத்தாளருக்கே சந்தேகம்தான். ஆனால் தன் எழுத்தை வரி விடாமல் நம்பிய ஒரே வாசகரை வெட்டியெறிய யாருக்குக் கை வரும்?)

ஆகவே மனைவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வழிகாட்டியோடு நடந்தார். முதல் அருவியைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. எங்கும் மூடுபனி.

"எந்தப் பக்கம் சார்?"

முடிவு அ: உண்மையைச் சொல்கிறார். வழிகாட்டி கண் கலங்கி அவரைக் கட்டித் தழு— (எந்த ஊரில்?)

முடிவு ஆ: இடப்பக்கம் தண்ணீர்ச் சத்தம். இது நிஜமாகவே கேட்டது. பின்னால் விட்டுவந்த அருவியின் எதிரொலியா, வேறொன்றா என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. (பொய்யை வளர்த்தவனுக்கே காது குத்துகிறதா மலை?)

4

வழிகாட்டி இன்னும் அங்கேயே தாளோடு நிற்கிறார். எழுத்தாளர் வாயைத் திறந்துவிட்டார். எதைச் சொன்னாலும் அந்த மனிதர் நம்பிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

அதனால் நீங்களே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நிற்பவர்கள் இருவர், புளுகன் என்ற பேர் ஒன்றுதான்.