கண்ணாடி நெல்சன் மங்க வைத்த பந்து

முத்தியால்பேட்டைக்கு வந்து நெல்சன் வீடு எது என்று கேட்டால், எந்த நெல்சன் என்று திருப்பிக் கேட்பார்கள். கண்ணாடி நெல்சன் என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவன் கண்ணாடி விற்கிறவனும் இல்லை, கண்ணாடி போட்டவனும் இல்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஸ்டீல் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். குழாய், கைப்பிடி, மாடிப்படிக் கிராதி, எதுவானாலும் அவன் கையிலிருந்து இறங்கும்போது அதில் முகம் பார்க்கலாம். வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரே சோதனைதான். சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, அந்தச் சாமானில் பார்த்தே மீசையைச் சீவுவான். மீசை சரியாக வந்தால் பாலிஷும் சரியாக வந்துவிட்டது என்று கணக்கு.

ஓட்டல்காரர்கள் சிலர் மேட் ஃபினிஷ் கேட்பார்கள். மின்னக் கூடாதாம், மங்கலாக இருக்க வேண்டுமாம். நெல்சன் அந்த வேலையை ஒருநாளும் தொட்டதில்லை. "பாதியில வுட்ட வேலைக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு" என்று சிரிப்பான். அதையெல்லாம் பக்கத்து மெஷினில் இருக்கும் சாமிக்கண்ணுதான் செய்வான். சாமிக்கண்ணு ஒரு மங்கல் வேலையை முடித்து நிமிர்ந்தால், "இன்னாப்பா, எப்ப முடிக்கப் போற?" என்று நெல்சன் கேட்பான். பல வருஷமாக இதே கேலி. சாமிக்கண்ணு பதில் சொன்னதே இல்லை.

நெல்சனின் மனைவி ஃபாத்திமா நூறடி ரோட்டில் ஒரு பௌலிங் சென்டரில் ஷூ கவுண்டரில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கால் அளவு கேட்டு ஷூ எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்த ஷூவுக்கு மருந்து அடித்து அடுக்க வேண்டும். கூட்டமில்லாத பகலில் ஊழியர்களையும் விளையாடச் சொல்வார் மேனேஜர். நீளமான மரப் பாதையில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பின் என்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே உருட்டினார்கள். ஃபாத்திமா சிரிக்காமல் உருட்டினாள். கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்களே அவளிடம் வந்து யோசனை கேட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சு மதாம், போகும்போது தன் பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அது சாதாரணப் பந்து அல்ல. சென்டரில் கிடக்கும் பந்துகள் போட்ட போக்கில் நேராகப் போகும். மதாமின் பந்து ஓரமாகப் போய், கடைசியில் தரையைக் கவ்வித் திரும்பி, பக்கவாட்டில் பின்களுக்குள் பாயும். அந்தப் பந்தை வைத்துக்கொண்டு ஃபாத்திமா இந்த வருஷம் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். புதுச்சேரி அணியில் பெண்களுக்குப் பாக்கியிருந்தது ஒரே ஓர் இடம். ஜெயித்தால் அவள் டில்லிக்குப் போய் ஊருக்காக விளையாடுவாள். தோற்றால் மறுபடியும் ஷூ கவுண்டர்தான்.

"பந்துல ரொம்ப கீறல் வுழுந்துபோச்சு. கொஞ்சம் தேச்சுக் குடுங்க" என்று அவள் நெல்சனிடம் கேட்டது தப்பில்லை. கொஞ்சம் என்ற சொல் நெல்சன் காதில் ஏறாது என்பதை மறந்துவிட்டாள், அதுதான் தப்பு.

வீட்டில் கல் உடைந்த கிரைண்டர் ஒன்று இருந்தது. புதுக் கல் போட்டுத் தருகிறேன் என்று ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரே மாலையில் அதன் மோட்டாரைக் கழற்றிப் பலகையில் பூட்டினான். அதற்கு மேலே அகலமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைக் கிண்ணம்போல் நிறுத்தி, விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினான். பந்தை அதில் உட்காரவைத்து சுவிட்சைத் தட்டினால் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றியது. வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து மேலே வைத்து அழுத்தினான். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசு, அதைவிட நைசு. பந்தைப் புரட்டிப் புரட்டி ஆறு பக்கமும் தேய்த்தான். சூடானால் பந்தின் ரெசின் மேல்தோல் வெடித்துவிடும் என்று அவ்வப்போது நிறுத்தித் தொட்டுப் பார்த்தான். கடைசியில் கார் பாலிஷ் போட்டுத் துணியால் இழுத்தான். கருநீலப் பந்தில் அவன் மீசை ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. இட்லி மாவு இனிமேல் கடையில்தான் என்பது ஃபாத்திமாவுக்கும் தெரிந்தது.

அதோடு விட்டானா? பந்தைத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போனான். "பாருங்க, உங்க மூஞ்சி தெரியுதா?" என்று எல்லாரிடமும் நீட்டினான். எல்லாருக்கும் தெரிந்தது. பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டாட்டம் ஆடும் பெரியவர்களின் இரும்புக் குண்டுகளை முன்பு அவன்தான் மெருகேற்றிக் கொடுத்தான். அவர்களிடமும் கொண்டுபோய்க் காட்டினான். "த்ரே ஜோலி!" என்று ஒருவர் பிரெஞ்சில் அதன் அழகைப் பாராட்டியதும் நெல்சனுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபாத்திமா மட்டும் பந்தைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சாமிக்கண்ணுவையும் இழுத்துக்கொண்டு அவள் பழகுவதைப் பார்க்கப் போனான். போனவன் கண்ணில் முதலில் பட்டது, பெஞ்சுக்கு அடியில் ஜிப்பு திறக்காமல் கிடந்த பந்துப் பை. ஃபாத்திமா சென்டர் பந்து ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பந்து எங்க?"

"கை வலிக்குதுங்க. அது நாளைக்கு."

"அட, எடு ஃபாத்திமா. இவன் பாக்கணும்னுதான வந்திருக்கான்."

வேறு வழியில்லாமல் எடுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் பந்து ஜொலித்தது. பாதையின் ஓரமாகப் போட்டாள். போட்டிக்காக அன்று பாதைக்கு எண்ணெய் கனமாகத் தடவியிருந்தார்கள். பந்து அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓரமாகவே போய், திரும்பாமல், கடைசிப் பின்னை மட்டும் உரசிவிட்டு விழுந்தது. இன்னொரு முறை போட்டாள். இந்தத் தடவை அதையும் தொடவில்லை. சாமிக்கண்ணு தரையைப் பார்த்தான். "பந்து நல்லா மின்னுதுப்பா" என்றான். அவன் கேலி செய்திருந்தால்கூட நெல்சன் தாங்கியிருப்பான்.

ஃபாத்திமாவைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் திரும்பும்போது அஜந்தா சிக்னல் வந்தது. சிவப்பு விழுந்ததும் நெல்சன் திரும்பாமலே கேட்டான்.

"பாலிஷ்தான் காரணமா?"

"ஆமா. தரைய புடிக்க மாட்டேங்குது."

"மொத நாளே சொல்றதுக்கு இன்னா?"

"ஊரெல்லாம் காட்டிட்டு வந்து நின்னீங்க. உங்க மூஞ்சியப் பாத்தப்ப எனக்கு வாய் வரல."

"சென்டர் பந்துல ஜெயிச்சுருவியா?"

கை வலி என்று ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இன்னொன்று ஃபாத்திமாவுக்கு வரவில்லை. "முடியாதுங்க" என்றாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் நெல்சன் வண்டியை எடுத்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால் கோபம் இன்னும் ஏறியது. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப்போய் அவள் டில்லிக்குப் போகும் வழியில் தானே எண்ணெய் ஊற்றிவிட்டோமே என்று அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை பட்டறையில் சாமிக்கண்ணு ஒரு ஓட்டல் கதவுக் கைப்பிடிக்கு மேட் போட்டுக்கொண்டிருந்தான். பந்து தரையைப் பிடிக்க அதன் மினுக்கம் போக வேண்டும், அந்த வேலை தெரிந்தவன் இவன்தான் என்று நெல்சன் அவன் பின்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். நகர்ந்தான். மறுபடி வந்து நின்றான்.

"இன்னாப்பா, எப்ப முடிக்கப் போறேன்னு கேக்க வந்தியா?" என்றான் சாமிக்கண்ணு, திரும்பாமலே.

"இல்ல. எப்புடிப் போடறேன்னு கேக்க வந்தேன்."

சாமிக்கண்ணு மெஷினை நிறுத்தினான். இத்தனை வருஷக் கேலிக்கும் சேர்த்து ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. ஒன்றே ஒன்று சொன்னான்: "பாதியில நிறுத்துனா போதும்னு சொல்லுவியே, நிறுத்திப் பாரேன்." பிறகு அவனே மனமிரங்கி, கைப்பிடியை ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினான். "மின்னுறதுல நீ செஞ்ச தப்பு கண்ணு கூச்சத்துல தெரியாது. இதுல ஒரு கோடு அதிகமா வுழுந்தாலும் தெரிஞ்சுபோயிரும். பந்துல ஆறு பக்கமும் ஒரே அழுத்தம், ஒரே நேரம். கை சலிச்சுதுன்னு ஒரு பக்கத்த ஏமாத்துன, அது காட்டிக் குடுத்துரும்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் நெல்சன் சட்டையைக் கழற்றிவிட்டு மோட்டார் முன்னால் உட்கார்ந்தான். சனிக்கிழமை ராத்திரிவரை பட்டறை வேலை இழுத்துவிட்டது, ஆட்டம் தொடங்கிய பிறகு பந்தைத் தேய்க்கக் கூடாது என்பது விதி, அதனால் இந்தக் காலைப் பொழுதுதான் அவனுக்கு மிச்சம். பந்தைத் தூக்கி வைத்தான். அதில் அவன் மீசை தெரிந்தது. ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு முரட்டுத் தாளை நனைத்து வைத்தான். சொர்ரென்ற சத்தத்தில் முதலில் மீசை போயிற்று, அப்புறம் முகமே போயிற்று.

ஆறு பக்கமும் முடித்துத் துடைத்து, ஜன்னல் பக்கம் பிடித்தான். அங்கங்கே திட்டுத் திட்டாக மினுக்கம் எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இரண்டாம் தடவை ஒரு கோடு நின்றது. மூன்றாம் தடவை கோடு இல்லை, ஆனால் விரல் துளைகள் இருந்த பக்கம் வேறு நிறமாகத் தெரிந்தது. ஃபாத்திமா காபி கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, இது போதும்" என்றாள். "போதாது" என்றான். பல வருஷமாகச் சாமிக்கண்ணு என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. காபி ஆறிப்போய், ஆடை கட்டி, அதில் ஈயும் மொய்த்த பிறகு பந்தை மறுபடி ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். மழைக்கு முந்தின வானம்போல் பந்து முழுக்க ஒரே நிறம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பொட்டு மினுக்கம் இல்லை. பழக்க தோஷத்தில் சீப்பை எடுத்தான், மீசை தெரியாததால் திரும்ப வைத்துக்கொண்டான். ஆனால் மனசுக்குள் ஒரு நிறைவு வந்தது. இது பாதி வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மாலை சென்டரில் கூட்டம். எதிரில் விளையாடியது கார்குழலி, போன வருஷம் அணிக்குப் போனவள், வங்கியில் வேலை பார்க்கிறவள். கை சுத்தம், பதட்டமே கிடையாது. ஃபாத்திமா விடாமல் பின்னாலேயே வந்தாள், முந்த மட்டும் முடியவில்லை. கடைசிக் கட்டம் வந்தபோது கார்குழலி தன் ஆட்டத்தை முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஃபாத்திமா முதல் வீச்சிலேயே பத்துப் பின்களையும் சாய்த்தால் இன்னும் இரண்டு வீச்சு கிடைக்கும், எட்டிவிடலாம். ஒரு பின் நின்றாலும் டில்லி இல்லை.

நெல்சன் சாமிக்கண்ணுவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஃபாத்திமா பந்தை மார்பளவு தூக்கி ஒரு கணம் நின்றாள், பிறகு நடந்துபோய் உருட்டினாள். பந்து ஓரமாகப் போயிற்று, இன்னும் ஓரமாகப் போயிற்று. பாதையோரப் பள்ளத்தின் விளிம்பில் போகிறதே, வெள்ளிக்கிழமை போனது மாதிரியே போகிறதே என்று நெல்சன் கண்ணை மூடப்போனான். அப்போது பந்து தரையைக் கவ்வியது. திரும்பியது. பின்களின் நெஞ்சுக்குள் நேராகப் பாய்ந்தது. பத்தும் ஒரே சத்தத்தில் விழுந்தன.

அடுத்ததும் அதே வழியில் போய் அதே வேலையைச் செய்தது. மூன்றாவதில் சில பின்கள் நின்றன, ஆனால் விழுந்ததே போதுமானதாக இருந்தது. மேனேஜர் ஓடிவந்தார். ஃபாத்திமா அவரைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, எங்கே அவர் என்று தேடினாள். நெல்சன் அழுதுகொண்டிருந்தான். மறைக்கவும் இல்லை.

கார்குழலி வந்து கைகொடுத்தாள். பிறகு பந்தைத் தூக்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ சமமா எங்க மேட் போட்டீங்க? நான் மெட்ராஸுக்கு அனுப்பியும் இப்புடி வரலியே."

"வீட்டுலதான்" என்றாள் ஃபாத்திமா. "எங்க வூட்டுக்காரரு போட்டாரு." பத்துப் பின்களும் விழுந்தபோதுகூட அவள் இப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

"நான் போட்டேன். சொல்லிக் குடுத்தது இவன்" என்று நெல்சன் சாமிக்கண்ணுவை முன்னால் தள்ளினான். சாமிக்கண்ணு கூச்சத்தில் நெளிந்தான்.

மறுநாள் காலை நெல்சன் அதே பந்தைத் தூக்கிக்கொண்டு அதே தெருவில் இறங்கினான். அன்று மின்னிய பந்தைப் பார்த்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்தார்கள். இப்படி மங்கிப்போச்சே, என்ன ஆச்சு என்று பதறினார்கள். ஃபாத்திமா கதவோரம் நின்று, இப்போது என்ன சொல்லப் போகிறார் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். நெல்சன் பந்தை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் உயர்த்திப் பிடித்தான்.

"நல்லா பாருங்க. உங்க மூஞ்சி தெரியுதா?"

"தெரியலியேப்பா."

"எந்தப் பக்கத்துலயாவது தெரியுதா?"

"எங்கயும் தெரியல."

"அதான் வேலை" என்றான் கண்ணாடி நெல்சன்.