இரண்டு சொட்டு வெள்ளை

"இன்னுங் கொஞ்சம் தூக்குங்க, முகம் தெரியலை" என்றார் வைகுண்டராஜ், கறுப்புத் துணிக்குள்ளிருந்து. சிரோமணி பெஞ்சின் காலைத் தூக்கிப் பிடிக்க, யாரோ இன்னொரு செங்கலைச் செருகினார்கள். பெட்டியின் தலைமாடு உயர்ந்தது. உள்ளே இருந்த அவன் அக்கா தேவகிருபை இப்போது எல்லாரையும் நிமிர்ந்து பார்க்கிறவளைப் போல இருந்தாள். கண்கள் மட்டும் மூடியிருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையிலிருந்தே ஐப்பசி மழை. சவப்பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே படம் எடுக்க வேண்டியதாகிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து காமிராவும் முக்காலியுமாக நனைந்து வந்த வைகுண்டராஜுக்கு அதில் எரிச்சல்.

"வெளிச்சம் பத்தாது. லென்சு மூடியத் தெறந்து பத்து எண்ணுவேன். அதுவரைக்கும் யாரும் ஆடக்கூடாது. ஆடுனா படம் கலைஞ்சுரும், பொறவு என்னையக் கொறை சொல்லக்கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். தலைமாட்டில் நிற்கத்தான் இடம் போதவில்லை. இத்தனை மாதமாகப் பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். மூச்சு நின்றபின் காசம் ஒட்டாது என்று எந்த டாக்டர் சொன்னாரோ, இப்போது ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவர் தேவஇரக்கம் தங்கையின் நெற்றிக்குப் பக்கத்தில் நின்றார். அவள் படுத்தது முதல் அந்த அறை வாசற்படியை அவர் மிதித்ததில்லை.

அவர் மனைவி இன்பம், எல்லாரும் தள்ளியதில் கால்மாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் தேவகிருபைக்கும் ஆகவே ஆகாது. கஞ்சியில் உப்பு, விடியற்காலையில் பாடுகிற ஞானப்பாட்டு, எதற்கும் சண்டைதான். "குடிச்சாக் குடி, இல்லாட்டிக் கெட" என்று கத்திக்கொண்டே, கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக் கஞ்சியை ஊட்டுவாள். அந்தச் சத்தம் தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும், ஊட்டுகிறது தெரியாது.

"ஏட்டி இன்பம், ஒனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வருதாட்டி? கல்லாட்டம் நிக்கியே!" என்றாள் தங்கபாய் சித்தி.

இன்பத்தின் கண் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி சாய்ந்திருந்ததால் தேவகிருபையின் கால் ஒருபக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

வைகுண்டராஜ் மூடியைத் திறந்தார். "ஒண்ணு."

அதற்காகவே காத்திருந்ததுபோல் தேவஇரக்கம், "என் தங்கச்சீ!" என்று அலறித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். சித்தி மார்பில் அறைந்துகொண்டாள். சிரோமணி, மூடியைப் பிடித்திருந்த வைகுண்டராஜின் கை எண்ணிக்கைக்குத் தகுந்தபடி அசைவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மெட்ராஸில் படம் வரையப் படிக்கிறவனுக்கு அந்த நேரத்திலும் அதுதான் புத்தி.

அடக்கம் மழையோடு மழையாக முடிந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கால் கழுவுவதற்குள் தேவஇரக்கம் பேச்சை எடுத்துவிட்டார்.

"ஏலே மணி, ஒன்னைய மெட்ராசுக்கு அனுப்புனவ போயிட்டா. பஞ்சு ஜின்னிங் பாக்டரில மொதலாளிட்ட சொல்லி வச்சிருக்கேன். பொம்மை போட்டது போதும்."

சிரோமணி செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினான். அவனை அனுப்பியது அக்காதான். மடவார் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், அண்ணனோடு மல்லுக்கட்டி அனுப்பினாள். மூன்று வருஷமாக அவன் அங்கே வரைந்ததெல்லாம் பிளாஸ்டர் சிலைகள். மூக்கும் தாடையும் திருத்தமாக இருக்கும். வாத்தியார் "கை நன்றாக இருக்கிறது" என்பார், அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டார். லீவுக்கு வந்தபோது படுக்கையிலிருந்தே அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எல்லாம் வெள்ளக்காரன் மூஞ்சியா இருக்கே. நம்மாளு ஒருத்தன்கூட அங்க கெடையாதாலே?" என்று சிரித்து, இருமி, அவனைத் தள்ளிப் போகச் சொன்னாள். அவனும் தள்ளித்தான் நின்றான்.

படத்தை வாங்கிவர அண்ணன் அவனைத்தான் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அனுப்பினார். வைகுண்டராஜ் படத்தைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார்.

"நான் அப்பமே சொன்னேன், தம்பி."

படத்தில் தேவஇரக்கத்துக்கு முகமே இல்லை. கழுத்துக்குமேல் வெள்ளையாக ஒரு புகை. சித்திக்குப் பத்துக் கை இருப்பதுபோல் ஒரு கலக்கம். தலைமாட்டில் நின்ற சொந்தம் முழுக்க, தண்ணீர் பட்ட மையாகக் கரைந்திருந்தது. ஓரத்தில் கரைந்து நின்றது தானே என்று சட்டையை வைத்துத்தான் சிரோமணி கண்டுபிடித்தான். தான் அழுது கலையவில்லை, எட்டிப் பார்த்ததில்தான் கலைந்தது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். கூசியது.

துலக்கமாக விழுந்திருந்தவர்கள் இரண்டே பேர். செத்தவள் ஒருத்தி. அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இன்பம் இன்னொருத்தி. தூக்கமில்லாத அவள் கண்ணின் கீழ்க் கறுப்பும், புறங்கையில் புடைத்த நரம்பும்கூட எண்ணிவிடுகிற மாதிரி இருந்தன.

சிரோமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். இதை வரைய வேண்டும் என்றிருந்தது. இருக்கிறபடியே, அந்தப் புகை முகங்களோடு. மூன்று வருஷத்தில் எந்தச் சிலை முன்னாலும் அவனுக்குக் கை இப்படிப் பரபரத்ததில்லை. வைகுண்டராஜிடம் ஒரு தாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வரைந்தான். நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

தேவஇரக்கம் படத்தைப் பார்த்துக் கொதித்தார். "என்னத்துக்குடா ஆகும் இது? பேய் புடிச்ச வீடு மாதிரி!" பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ எதுக்குப் படிச்ச? எல்லா முகத்தையும் இது மேலயே ஒழுங்கா வரைஞ்சு குடு. ஞாயித்துக்கெழமை ஜெபத்துக்குச் சொந்தமெல்லாம் வருது, கண்ணாடி போட்டு மாட்டணும். நல்லா முடிச்சுக் குடுத்தேன்னா பாக்டரிப் பேச்சை எடுக்கல. நீ மெட்ராசுக்கே போ."

"சரிண்ணே."

"இந்தா, இவ மூஞ்சி." இன்பத்தின் மேல் விரலை வைத்தார். "எல்லாரும் அழுவுறப்ப இவ மட்டும் சந்தைக்கு வந்தவளாட்டம் நிக்கா. நாளைக்குப் பாக்கிறவன் என்ன சொல்லுவான்? கன்னத்துல ரெண்டு சொட்டுக் கண்ணீரப் போட்டுரு."

சிரோமணி பின்கட்டு அறையில் உட்கார்ந்து வரைந்தான். அண்ணனுக்குத் துக்கமான கண்களும், குனிந்த பார்வையும் கொடுத்தான். சித்தியின் கைகளை இரண்டாகக் குறைத்துக் கூப்ப வைத்தான். தன் முகத்தை அக்காவின் பக்கம் திருப்பினான். கை நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்து இன்பத்தின் கன்னத்துக்கு வந்தபோது தூரிகை நின்றுவிட்டது.

அறையைக் கழுவ வாளியோடு வந்த இன்பம், அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு என்ன பாக்கி?"

அவன் தூரிகையைத் துடைத்தான். "அண்ணன் கண்ணீர் போடச் சொன்னாவ, மதினி."

"அவியளா?"

"ஆமா. போட மனசு வரலை. நீங்க ஒருத்தர்தான் படத்துல நெசமா நிக்கிய."

"நெசமாவது ஒண்ணாவது. ஆடாம நில்லுன்னாரு, நின்னேன். அவ கால் வேற சரியுது." வாளியைக் கீழே வைத்தாள். "போடாட்டி ஒன்னைய பாக்டரில தள்ளிருவாவ. பஞ்சுத் தூசியில நீயும் இருமிக்கிட்டு வந்து இதே அறையில படு. ஒனக்கும் நானே கஞ்சி ஊத்துதேன். போடு தம்பி."

வெள்ளையைத் தொட்டு, தூரிகை நுனியால் இரண்டு சொட்டு வைத்தான். அவன் கற்ற வித்தைக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒளி பட்டு நிற்கிற நிஜக் கண்ணீராகவே வந்துவிட்டது.

இன்பம் குனிந்து பார்த்தாள். ஆட்காட்டி விரலால் ஒரு சொட்டைத் தொட்டாள். காயாத சாயம் விரலோடு வந்துவிட்டது. விரல் நுனியில் இருந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையில் துடைத்தாள்.

"அழிஞ்சு போச்சு. இன்னொன்னு வச்சிரு" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் காய்ந்து கிடந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.