மூன்றாவது கீப்பரின் சட்டை

லாண்டரிக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். மகளுக்குப் பெரிய காலேஜில் இடம் கிடைத்ததை, அவள் சரி என்று சொல்வதற்கு முன்பே, துணி போட வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டார். பல் டாக்டருக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குத் தெரியும், எதிர்க்கடைப் பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மகள் கால்பந்தில் கோல்கீப்பர். இரண்டு காலேஜ்கள் அவளைக் கூப்பிட்டிருந்தன. ஒன்று, பெயரைச் சொன்னாலே வேலை கொடுப்பவன் எழுந்து நிற்கிற பெரிய காலேஜ். படிப்பை முடித்துப் போகிற மூன்றாவது கீப்பரின் இடம் அங்கே இவளுக்கு. இன்னொன்று, பக்கத்துத் தெருக்காரனுக்கே வழி தெரியாத சின்னக் காலேஜ். அங்கே முதல் நாளிலிருந்து இவள்தான் கீப்பர். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் இருவரும் பெரிய காலேஜைப் பார்க்கப் போயிருந்தார்கள். “எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு” என்று சொல்லிக்கொண்டே கோச் உடை மாற்றும் அறையைத் திறந்து காட்டினார். மகள் அலமாரிக் கோப்பைகளைப் பார்த்தாள். இவர் கண் ஆணியில் தொங்கிய மூன்று கீப்பர் சட்டைகளுக்குப் போனது. தொழில் புத்தி, என்ன செய்வது! முதல் சட்டையின் முழங்கையில் மண் இழைக்குள்ளேயே இறங்கிவிட்டது, எந்த சோப்புக்கும் போகாது. இரண்டாவதில் கொஞ்சம் கறை. மூன்றாவதில் கடையில் மடித்த கோடு அப்படியே இருந்தது. முப்பது வருஷமாக ஊர் அழுக்கைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது மணி நாலரை. இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “அந்தச் சின்னக் காலேஜ் போன மேட்சுல ஒன்பது கோல் வாங்கியிருக்கு. ஒன்பது! அங்க போயி என்ன பண்ணப்போற?”

“ஒன்பது உள்ள போச்சு, சரி. மொத்தம் எத்தனை பந்துப்பா வந்துச்சு?”

“அதை எவன் எண்ணுனான்?”

அவள் சின்னக் காலேஜ் கோச்சுக்கே போன் போட்டுக் கேட்டாள். போனை வைத்தபோது முகமெல்லாம் பல்.

“முப்பத்தொண்ணு! ஒரே மேட்சுல முப்பத்தொண்ணுப்பா! கீப்பருக்கு நிக்கக்கூட நேரம் இருந்திருக்காது!”

பயமுறுத்தப் போன மனிதர் ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்றால் இதுதான். ஆனால் அடுத்த நிமிஷமே அவள் முகம் வாடியது.

“வேண்டாம்பா. நீங்க ஊரு முழுக்கச் சொல்லிட்டீங்க. பெரிய காலேஜுக்கே போறேன். வாய்ப்பு உண்டுன்னு கோச்சும் சொன்னாருல்ல.” விரல் போனில் ‘சம்மதம்’ என்ற இடத்துக்குப் போனது.

இன்னும் அரை நிமிஷம் சும்மா இருந்தால் போதும், காரியம் பழம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

“இரு கண்ணு! அங்க மூணாவது கீப்பர் சட்டையைப் பாத்தேன். மடிப்புகூடக் கலையல. அந்தப் பொண்ணை ஒரு மேட்சுலகூட இறக்கல.”

“எப்பப் பாத்தீங்க?”

“போனோமே, அன்னைக்கு.”

“ஒரு வாரமா சொல்லாம இருந்தீங்களா? நான் மூணு வருஷம் பெஞ்சுல உக்காந்திருப்பேனேப்பா!”

“தப்புதான். நீ நல்லா இருக்கணும்னுதான்...” என்று ஆரம்பித்தவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். “இல்ல, அதுவும் பொய். நான் பெருமை அடிச்சுக்கணும்னுதான்.”

அவள் போனில் அந்தப் பக்கத்தை மூடினாள். சின்னக் காலேஜுக்குச் சம்மதம் அனுப்பினாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். வலிக்கிற குத்துதான்.

“இதை மனசுல வச்சுக்கிட்டு ஒரு வாரம் எப்படிப்பா தூங்குனீங்க?”

“எங்க கண்ணு தூங்குனேன்,” என்றார்.