நீக்கிய காரணம்

தாளாளர் மதியழகன் நூலகத்துக்குள் கால் வைத்ததே கல்லூரியில் பெரிய செய்தி. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலையில் விறுவிறுவென்று வந்து, நூலகர் கமர்ஜஹானின் மேஜை மேல் செல்போனைத் தொப்பென்று போட்டார்.

"என்னம்மா இது?"

போனில் தெரிந்தது பானுப்ரியாவின் எம்.எஸ்ஸி. ஆய்வு. போன வருசம் படிப்பை முடித்துவிட்டுப் போன பிள்ளை. 'மலர்வேகம்' என்கிற தெளிமருந்து மல்லிகை விளைச்சலைக் கூட்டுகிறதா என்று சோதித்திருந்தாள். நிலக்கோட்டைப் பக்கம் அவள் அப்பா ராமரின் தோட்டத்தில் ஒரு வரிசைக்கு மருந்து, அடுத்த வரிசைக்கு வெறும் தண்ணீர் என்று பருவம் முழுக்கத் தெளித்து, பறித்த பூவை அன்றன்றைக்கு நிறுத்து எழுதியிருந்தாள். கண்ட முடிவு, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மலர்வேகத்தைத் தயாரித்து விற்கிறவர் பாக்கியராஜ். பாக்கியராஜின் அக்காவைத்தான் தாளாளர் கட்டியிருந்தார்.

"பூ மார்க்கெட்ல வச்சு என் மச்சானை மறிச்சுக் கேட்டிருக்கானுங்க. உங்க அக்கா வீட்டுக்காரர் காலேஜ்லயே இது வெறும் தண்ணின்னு எழுதி வச்சிருக்காமேன்னு. யாரைக் கேட்டும்மா இதை ஊருக்கே தெறந்து வச்ச?"

"நீங்கதான் சார் வைக்கச் சொன்னீங்க."

அது உண்மை. கல்லூரிக்குத் தரம் போடும் குழு வரப்போகிறது, ஆய்வுகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவைத்தால் மதிப்பெண் உண்டு என்று யாரோ காதில் போட, மதியழகன் மைக்கைப் பிடித்து முழங்கினார்: "ஒண்ணு விடாம ஏத்துங்க! உலகம் பூராவும் பார்க்கட்டும்!" கைதட்டலோடு அவர் அதை மறந்தார். கமர்ஜஹான் மறக்கவில்லை.

பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டுக்குப் போய்விடும், அது உயிரைக் கொடுத்து எழுதியது பீரோவுக்குள் கரப்பான்பூச்சிக்குத் தீனியாகும். இதுதானே நம்மூர் லட்சணம்? கமர்ஜஹான் துறை துறையாகப் போய்ப் பீரோக்களைத் திறக்கச் சொல்லி, தூசியில் தும்மித் தும்மி எல்லாவற்றையும் எடுத்து ஏற்றினாள். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறார்களே, எந்த விரலுக்கு என்ன விலை என்று கை கையாகப் படம் போட்டு ஒருவன் எழுதியிருந்தான். பழனிப் பஞ்சாமிர்தம் எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு காலம் கெடாது என்று ஒருத்தி. பூட்டுப் பட்டறைக்காரர்களின் விரல் காயங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு. பேகம்பூர்க் கல்யாண வீட்டில் பெண்கள் பாடிய பாட்டுகளின் ஒலிப்பதிவு. நடுவில் மிக்ஸி ஓடுகிற சத்தமும் கேட்கும். எழுதினவனுக்கும் அவனுடைய வழிகாட்டிக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே புரிகிற ஒரு கணித ஆய்வு. தோல் கழிவில் செங்கல் செய்யப் போய், உடைந்த செங்கல்லைப் படமெடுத்து 'முயற்சி வெற்றி பெறவில்லை' என்று நாணயமாக முடித்திருந்த ஒருவனுடையதும் அதில் இருந்தது.

அந்தச் செங்கல்லை ஏற்றும்போது முதல்வரே கேட்டார், தோத்ததை எதுக்கும்மா என்று. "அடுத்தவன் அதே குழியில விழாம இருக்கத்தான் சார்" என்றாள். விரல் பேரத்தைக் கென்யாவில் ஒருவர் படித்துவிட்டு, எங்கள் சந்தையிலும் இப்படி ஒன்று உண்டு என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைக் கமர்ஜஹான் நாலு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"இன்னிக்கே எடு" என்றார் தாளாளர்.

"அந்தப் பொண்ணு எழுதினதுல தப்பு இருந்தாக் காட்டுங்க சார், இப்பவே எடுத்துர்றேன்."

"தப்பு, சரியெல்லாம் உன்னைக் கேட்டேனா? உன் கான்ட்ராக்ட் ஜூன்ல என் மேஜைக்குத்தான் வரும். ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போன பிறகு கமர்ஜஹானுக்கு வேலை ஓடவில்லை. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பானுப்ரியாவுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னாள்.

"எடுத்துருங்க மேடம். என்னால உங்க வேலை போக வேணாம்" என்றாள் பானுப்ரியா. சொன்ன கையோடு அழுதும்விட்டாள். "எங்கப்பா பாதித் தோட்டத்தை எனக்காக வெறும் தண்ணியில விட்டாரு மேடம். மக பேச்சைக் கேட்டு வெள்ளாமையக் கெடுக்குறாம் பாருன்னு ஊரே சிரிச்சுச்சு. முடிவு வந்தப்பறந்தேன் அம்புட்டுப் பேரும் வாயை மூடுனாங்க. இப்ப எடுத்துட்டாகன்னா, நாந்தேன் பொய் சொன்னேன்னு ஆயிருமே மேடம்."

அந்தக் கடைசி வார்த்தை கமர்ஜஹானைச் சுட்டுவிட்டது. பூ எடை கூடாதது பிள்ளையின் குற்றமா? வேலை செய்யாத மருந்தை விற்கிறவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான், நிறுத்துப் பார்த்தவள் தலைகுனிய வேண்டுமா? கமர்ஜஹான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்த இணையக் கிடங்கு இந்தக் கல்லூரியின் சொந்தச் சொத்தல்ல. பல கல்லூரிகள் கூட்டாக நடத்துவது. ஏற்றிய ஆய்வைச் சுவடே இல்லாமல் அழிக்க அதில் வழி கிடையாது. ஆய்வை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு பக்கம் நிற்கும்: தலைப்பு, எழுதியவர் பெயர், நீக்கிய காரணம், நீக்கச் சொன்னவர். நாலையும் நிரப்பாமல் அது நகராது. கமர்ஜஹான் அதற்கு மீசான் பக்கம் என்று பெயர் வைத்திருந்தாள். இறந்தவரை அடக்கின இடத்தில் நடுகிற கல்லைப் பேகம்பூரில் மீசான் கல் என்பார்கள்.

எல்லாரும் அந்தக் கட்டத்தில் 'நிர்வாகக் காரணம்' என்று அடித்துவிட்டுப் போவார்கள். கமர்ஜஹான் நல்ல தமிழில், நிறுத்தி நிதானமாக அடித்தாள்.

'நீக்கிய காரணம்: மலர்வேகம் தெளித்தாலும் மல்லிகை கூடுதலாகப் பூக்கவில்லை என்று இந்த ஆய்வு சொல்கிறது. மருந்தை விற்பவர் கல்லூரித் தாளாளரின் மைத்துனர். ஆய்வில் பிழை எதுவும் காட்டப்படவில்லை. நீக்கச் சொன்னவர்: தாளாளர் மதியழகன்.'

பொத்தானை அமுக்கிவிட்டுத் தாளாளருக்குப் போன் பண்ணினாள். "எடுத்தாச்சு சார்."

"இதை அப்பவே செஞ்சிருக்கலாமுல்ல?" என்றார் அவர், தாராளமாக.

பானுப்ரியாவின் ஆய்வு இங்கிலீஷில் இருந்தது. பக்கம் பக்கமாக அட்டவணை. பூ மார்க்கெட்டில் அதை முழுசாகப் படித்தவர் யாருமில்லை. காதில் விழுந்ததைத்தான் பேசிக்கொண்டார்கள். இதுவோ நாலே வரி, தமிழில். பானுப்ரியாவின் அப்பா ராமர் அதைத் தன் போனில் காட்ட, பக்கத்துத் தராசுக்காரர் படம் பிடித்துப் பூக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று காட்டுத்தீயாகப் பரவியது. மருந்துக் கடைகளில் மலர்வேகம் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்க ஆள் வந்து நின்றது.

மதியழகன் மறுபடி நூலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை முகம் கன்றிச் சிவந்திருந்தது.

"அந்தப் பக்கத்தை எடு!"

"அதை எடுக்க முடியாது சார்."

"கம்ப்யூட்டர்காரனைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லு."

"அது நம்ம கம்ப்யூட்டர்ல இல்லையே சார். பொதுக் கிடங்கு. அங்க எழுதிக் கேட்டாலும், ஏன் அழிக்கணும்னு முதல்ல நம்மளைத்தான் கேப்பாங்க."

"அப்ப என்னதாம்மா வழி?"

"ஒரே வழிதான் சார். ஆய்வைத் திரும்ப ஏத்துனா இந்தப் பக்கம் போயிரும்."

தாளாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்துக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள்.

"சரி, ஏத்து."

"என்ன காரணம்னு போடட்டும் சார்?"

"அதுக்குமா?"

"எடுக்குறதுக்குக் கேட்ட மாதிரி, ஏத்துறதுக்கும் கேக்கும் சார். சொல்லுங்க, அப்பிடியே அடிக்கிறேன்."

"நிர்வாகக் காரணம்னு போடு."

"போடுறேன் சார். என்ன நிர்வாகம்னு பூ மார்க்கெட்ல கேட்டா, உங்க மச்சான் சொல்லிக்கிடுவாருல்ல?"

மதியழகன் பல்லைக் கடித்தார். ஜன்னலைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். கமர்ஜஹான் விரல்களைக் கீபோர்டு மேல் வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஆய்வுல தப்பு எதுவும் இல்லைன்னு போடு."

"ஏத்தச் சொன்னது யாருன்னு சார்?"

"என் பேரைத்தான் போட்டுத் தொலையேன்!"

போட்டாள். ஆய்வு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. திரையைத் திருப்பி அவருக்குக் காட்டினாள். அவர் பார்க்காமலே எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஜூன்ல நீ இந்தக் காலேஜ்ல இருக்க மாட்ட."

கமர்ஜஹான் எழுந்து நின்று, அவர் குரலுக்குச் சமமாகத் தன் குரலையும் உயர்த்தினாள்.

"சரிங்க சார். ஏன் போகச் சொல்றீங்கன்னு காரணத்தை மட்டும் எழுதிக் குடுத்துருங்க. அதையும் ஏத்திட்டே போறேன்."