மிளகில் பாதி

உலகத்தில் ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லத் தகுதியான கண்கள் இரண்டே இரண்டுதான். இரண்டும் தன் முகத்திலேயே அமைந்துவிட்டன என்பது அந்த ஸ்கேன் டாக்டரின் முடிவு. பத்தொன்பது வருட சர்வீஸில் எதையும் அவர் அளந்து பார்த்ததில்லை.

பக்கத்து மேசை இளம் டாக்டர் அளப்பாள். காது எலும்பைத் திரையில் பெரிதாக்கி, மிளகில் பாதி அளவுக்கு ஒரு வட்டம் போடுவாள். அதற்குள் எலும்பு எவ்வளவு அடர்த்தி என்று கம்ப்யூட்டர் ஓர் எண் சொல்லும். "வட்டம் மேடம்" என்று அவளுக்குப் பெயர் சூட்டியது இவர்தான்.

"என்ன வட்டம் மேடம், இன்னிக்கு எலும்பு கிலோ என்ன விலை?"

"கண்ணுக்கு நல்லாத் தெரியிற எலும்பு உள்ள மெலிஞ்சிருக்கும் சார். அளந்தா எண் இறங்கிடும்."

"பார்வை மங்குனவங்களுக்கு உதவும்மா. நீ பண்ணு."

போன மாதம் அவருடைய அக்கா காது கேட்கவில்லை என்று வந்தாள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை. இவர் படத்தை அரை நிமிடம் பார்த்து, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டார்.

"வீட்ல வாஷிங் மெஷின் ஓடுறப்ப நல்லா கேக்குதுடா தம்பி. நிறுத்திட்டா கேக்கல."

"நடிக்கிறதுன்னாலும் ஒரு கணக்கு வேணும்க்கா."

அந்த ரிப்போர்ட்டோடு அக்கா காது டாக்டரிடம் போனாள். ஆபரேஷனுக்கு ஒன்றுமில்லை என்றார். ஆபீஸ் இன்னும் தெளிவாக இருந்தது: நோய் இல்லையென்றால் அலட்சியம். இன்று நாலு மணிக்கு விசாரணை. வேலை போய்விடும்.

மணி இரண்டரை. அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள், இப்போதெல்லாம் அப்படித்தான்.

"வீட்டு நம்பரைத் தப்பா எழுதிட்டேன். ஒரு பெரியவர் மூச்சு முட்டி அரை மணி நேரம் கிடந்திருக்கார். பொழச்சுட்டார். ஆனா..." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீ சரின்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் கவனம் கெட்டவ."

அவர் படத்தைத் திரும்ப எடுத்தார். வெள்ளையாக, அழகாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பதினோரு தடவை பார்த்தார். இரண்டு கண்களாலும் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடியும் பார்த்தார். வெள்ளைதான்.

"வெளிய உக்காருக்கா," என்றார். அவளுக்குக் கேட்கவில்லை. சைகை காட்டினார்.

வட்டம் மேடம் சாப்பிடப் போயிருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வட்டம் போடும் பொத்தானைத் தேடினார். அதற்கே நாலு நிமிடம். முதல் வட்டம் எலும்பைத் தாண்டிக் காதுக்குள் இருக்கிற காற்றில் விழுந்தது. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனது. இரண்டாவதை, இடது காதின் குட்டி எலும்பு வந்து உட்கார்கிற துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்தார். ஆயிரத்து நூறு. காதில் கோளாறே இல்லாத வேறொருவர் படத்தை எடுத்து அதே இடத்தில் போட்டார். இரண்டாயிரத்தைத் தாண்டியது. இன்னொருவருக்கும் அப்படியே. அக்காவின் எலும்பு மெலிந்துதான் இருந்தது; சத்தத்தில் நன்றாகக் கேட்பது இந்த நோயின் அடையாளம் என்று படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மணி மூன்று பத்து. இன்னும் வலது காது பாக்கி.

கதவு திறந்தது. அவர் திரையை மறைக்கவில்லை.

வட்டம் மேடம் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "வட்டம் கொஞ்சம் பெரிசு சார். பக்கத்து எலும்பும் சேர்ந்து வருது."

"சரிம்மா," என்று அதைச் சின்னதாக்கினார்.