ஊர் விலக்கிய வீடு

இரணியலில் இசபெலின் தங்கை புராட்டஸ்டண்ட் மிஷன் சபைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கலியாணத்துக்குப் போய்ச் சோறு தின்றதுதான் இசபெலும் அவள் புருஷன் ததேயுஸும் செய்த குற்றம். இனயத்தை அடுத்த அவர்களுடைய கடற்கரை ஊரோ கத்தோலிக்க ஊர். பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். இருவரும் முள்முடி தரித்துக் கோயில் வாசலில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை ஊர்விலக்கு. அவர்களை ஒருவரும் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது.

"தின்ன சோத்துக்கு முள்முடியா? போங்கலே!" என்று ததேயுஸ் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டான். இசபெலுக்கும் அதுவே சரியென்று பட்டது.

ஆனால் ஊர் என்றால் லேசுப்பட்டதா? திட்டினால் திருப்பித் திட்டலாம். இவர்கள் திட்டவில்லையே! கிணற்றடியில் அடுத்த வீட்டுப் பிரகாசி நிறைகுடத்தை இசபெலின் பாதத்தின்மேலேயே இறக்கி வைத்தாள். இசபெல் அலறினாள். பிரகாசி நிதானமாகக் கயிற்றைச் சுருட்டினாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பிள்ளையைத்தான் தாங்க முடியவில்லை. ஆறு வயதுக் குளோரியை யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை, தினமும் அழுதுகொண்டு வருவாள். ஒருநாள் மேலெல்லாம் மணலோடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, சேத்துக்கிட்டாளுவளா? யாரு கூட வெளயாடின?"

குளோரி தானே பானையைத் திறந்து கஞ்சி ஊற்றிக் குடித்தாள். அம்மையப்பனைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது என்று சொல்லித்தான் சேர்த்திருப்பார்கள் என்று இசபெலுக்கு விளங்கிவிட்டது.

"கள்ளி, எங்கிட்டயே நடிக்கியா?" என்று இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினாள். குளோரி சிரிக்கவில்லை. எறும்பு ஊர்ந்த இடத்தைச் சொறிவதுபோலச் சொறிந்துகொண்டாள்.

மறுவாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். உச்சிவெயில் நேரம், தாயின் மடியில்தான் கிடந்தாள். கண்ணைத் திறந்து விம்மினாள்.

"அம்மா எங்க? எங்கம்மா எங்க போனாவ?"

"இஞ்ச பாரு மக்கா, அம்மா இருக்கேன்!" குளோரியின் பார்வை அவள் முகத்தைக் கடந்து கூரையில் போய் நின்றது. இசபெல் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்தாள்.

"பிள்ளைக்காவ நீங்களும் வாங்க" என்று ததேயுஸின் காலைப் பிடித்தாள். "செத்தாலும் வரமாட்டேன்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே போனாள். முள் கிழித்து நெற்றியில் ரத்தம் வழிந்தது. பூசை முடிந்ததும் பிரகாசி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "இசபெலு! இத்தன நாளும் எங்கட்டி போயிருந்த?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

"அம்மா!" என்று குளோரி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இசபெல் வாய்விட்டு அழுதாள், அப்படியொரு சந்தோஷம்.

"இனி விலக்கு அவனுக்கு மட்டும்தான்" என்றார் ஊர்ப்பெரியவர். "நீ அவனுக்கு முகம் குடுத்தா ஒனக்கும் பிள்ளைக்கும் பழையபடிதான், கேட்டியா?"

சாயங்காலம் ததேயுஸ் கடலிலிருந்து வந்து கதவைத் தட்டினான்.

"இசபெலு, கதவத் தொற!"

குளோரி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஆருமில்லியே அம்மா. காத்து."

இசபெலும் பார்த்தாள். தாடியில் உப்புப் பூத்து, கையில் மீன் கோர்வையோடு அவன் நின்றான். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். குளோரியின் சின்னக் கை அவள் சேலையை இறுகப் பிடித்திருந்தது.

"ஆமா மக்கா, காத்துதான்" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

தட்டும் சத்தம் நின்றது. மனசு கேட்காமல் மறுபடியும் சன்னலுக்கு ஓடினாள். முற்றத்தில் அவன் இல்லை. வாசற்படியிலிருந்து கடலைப் பார்த்து ஈரக் காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாக மணலில் பதிந்துகொண்டே போயின.