பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை

"பத்தே நிமிஷம்" என்றுதான் லூகாஸ் கேட்டார். இடுப்பில் பட்டியைக் கட்டி, கைட்டுக்குக் காற்றடித்து, கயிறுகளை மணலில் நீட்டிப் போட்டு, எல்லா வேலையையும் முடித்துக்கொண்டு வந்துதான் கேட்டார். அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக மூன்று மணிக்கு வான் வருகிறது. பன்னிரண்டு நாள் தங்கியதில் இன்றைக்குப் போல ஒரு காற்று வரவில்லையாம். அது உண்மைதான். காலையிலிருந்தே சோளகக் காற்று கொட்டிலின் கிடுகுக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் கொட்டில் சுவரில் பலகை தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை யாரும் களப்புத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கும். எழுதியது நான். எழுதச் சொன்னது என் கணவர் அஸ்ஜத். அப்போது நேரம் பன்னிரண்டேகால், கிழமை வெள்ளி. ஊரில் உள்ள முஸ்லிம் ஆண்கள் அத்தனை பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். கைட்டைப் பறக்கவிட்டு அது இழுக்கத் தண்ணீர்மேல் ஓடப் பழக்கும் எங்கள் கொட்டிலில் நான் ஒருத்திதான் காவல்.

எங்கள் களப்புக்கு வருஷம் முழுக்க ஆள் வரும். மே மாதம் சோளகம் எழும்பினால் ஒக்டோபர் வரை கைட். பிறகு கடல் படுத்துவிடும், டொல்பின் பார்க்க வருவார்கள். இடைப்பட்ட நாட்களில் பறவை பார்ப்பவர்களும், தோணியில் கண்டல் காட்டுக்குள் போய்ப் படம் பிடிப்பவர்களும். அவர்களுக்கு லீவு, எங்களுக்குத்தான் லீவே கிடையாது. ஆனால் யார் தண்ணீரில் இறங்கினாலும் கரையில் ஒரு போட் எஞ்சினோடு தயாராக நிற்க வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆட்களைப் பக்கத்துக் கரை அல்பிரட் அண்ணன் பார்த்துக்கொள்வார். ஞாயிறு காலையில் அவர் சேர்ச்சுக்குப் பூசைக்குப் போனால் அவருடைய தோணிகளில் போகிறவர்களை அஸ்ஜத் பார்த்துக்கொள்வார். ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது. அந்த நாட்களில் எங்களுக்குப் பலகை தேவைப்படவில்லை.

இந்த ஜூனில் எல்லாம் கெட்டது. கைட் பழக வந்த ஒருத்தன், களப்புக்குள் ஓடும் ஆழமான வாய்க்காலில் அல்பிரட் அண்ணன் கம்பு நட்டுக் கட்டியிருந்த வலையில் விழுந்து அதைக் கிழித்துவிட்டான். கைட் ஓடுகிற இடத்தில் வலை எதற்கு என்று அஸ்ஜத் கேட்டார். வலை கட்டுகிற இடத்தில் கைட் எதற்கு என்று அல்பிரட் அண்ணன் கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் சண்டை தீரவில்லை. "இனி வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள நீங்க பாக்கத் தேவல்ல" என்று அஸ்ஜத் சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே பலகையைச் செய்வித்தார். பள்ளிவாசலுக்குப் போகும்போது எங்கள் போட்டின் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். அவர் இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாதாம்.

லூகாஸ் கேட்டபோது எனக்கு எல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும் என் கண் இடப்பக்கம் திரும்பியது. ஆறு வருஷப் பழக்கம். அல்பிரட் அண்ணனின் நீலப் போட் அதன் இடத்தில் நின்றது. எஞ்சினும் பின்னால் இருந்தது. போட் நிற்கிறது என்று மனது தன்பாட்டில் சொல்லிவிட்டது. சண்டையை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எனக்கு ஆசையாக இருந்தது. கைட்டை எப்படிப் பிடித்து விடுவதென்று அஸ்ஜத்தான் பழக்கினார். ஆனால் ஆட்கள் இருக்கும் நேரத்தில் நான் கை வைப்பதில்லை. நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். இன்றைக்குக் கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. நான் அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கைட்டின் விளிம்பைப் பிடித்தேன். காற்று அதன் வயிற்றில் நிறைந்து என் கைகளை இழுத்தது. லூகாஸ் பெருவிரலைக் காட்டினார். விட்டேன். அது மேலே போன வேகத்தில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

முதல் இரண்டு ஓட்டமும் அழகாக ஓடினார். மூன்றாவதில் தூரம் போய்விட்டார். சடாரென்று ஒரு கொடுங்காற்று வந்தது. கைட் தலைகீழாக வந்து வாய்க்காலில் நின்ற கம்புகளுக்கு மேல் விழுந்தது. எழும்பும் எழும்பும் என்று பார்த்தேன். எழும்பவில்லை. பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலுமாகக் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கயிறுகள் கம்புகளைச் சுற்றியிருந்தன. கைட் இழுக்கும்போதெல்லாம் லூகாஸின் மஞ்சள் தொப்பி தண்ணீருக்குள் போனது, பிறகு வந்தது. திரும்பவும் போனது.

அஸ்ஜத்துக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. குத்பாப் பிரசங்கம் நடக்கும் நேரம், போனை மௌனத்தில் வைத்திருப்பார். திரும்பத் திரும்ப எடுத்தேன். பள்ளி ஒரு மைல் தள்ளி, ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் போட் என் முன்னாலேயே நின்றது, எண்ணெய் நிறைத்து, கயிறு கட்டி, எல்லாம் ஒழுங்காக. சாவி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகு செருப்பை உதறிவிட்டு இடப்பக்கமாக ஓடினேன்.

அல்பிரட் அண்ணன் பனை நிழலில் கதிரை போட்டுப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடி வருவதைப் பார்த்தும் எழும்பவில்லை.

"அண்ணன், ஒரு வெள்ளக்காரர் வாய்க்கால்ல மாட்டிட்டார். உங்கட வலையில. கெதியா வாங்க."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?" என்றார். "உங்கட ஆள்தானே பாக்கத் தேவையில்லையெண்டவர்."

"அண்ணன், அவர் தாழுறார்."

"ஆர் கைட்டை ஏத்தி விட்டது?"

"நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டை மணலில் வைத்துவிட்டு எழும்பினார். "சரி, நான் வாறன். ஆனா எஞ்சின்ல எண்ணெய் இல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமை வேலையில்லயெண்டாப் பிறகு டாங்கியை வீட்டதானே கொண்டுபோய் வைக்கிறன்."

அப்போதுதான் பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் கறுப்புக் குழாய் வெறும் பலகையில் கிடந்தது. நான் போட்டைப் பார்த்தேனே தவிர டாங்கியைப் பார்க்கவில்லை. வாப்பா கேட்டிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பார். எனக்குப் பத்து வயதாகும் வரை தன்னோடு களப்புக்குக் கூட்டிப்போன மனிதர், ஏறுவதற்கு முதல் டாங்கியைத் தட்டிப் பார் என்றுதான் முதல் பாடம் சொன்னார்.

"எங்கட போட்ல டாங்கி நிறைய இரிக்கி" என்றேன். "சாவிதான் இல்ல. ரெண்டும் ஒரே கொம்பனி எஞ்சின்தானே, குழாய் பொருந்தும்."

அவர் எங்கள் போட்டை நோக்கி ஓடினார். திரும்பும்போது டாங்கியின் ஒரு பக்கத்தை அவரும் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தோம். மணல் காலை விழுங்கியது. என் விரல்கள் இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது. யா அல்லாஹ், அந்தத் தொப்பி மேலே வரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். குழாய் பொருந்தியது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"நான் தண்ணிக்குள்ள குதிக்க வேணும்" என்றார். "அந்தக் காத்தில போட்டை ஆராவது பிடிக்க வேணும். பிடிப்பியே?"

"ஓம்" என்று ஏறிவிட்டேன். பதினெட்டு வருஷமாக எஞ்சினைத் தொட்டதில்லை என்று சொல்லவில்லை.

போகும் வழியில் அலை முகத்தில் அறைந்தது. அவர் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு எஞ்சின் பிடியோடு நின்றார். கிட்டப் போனதும் பிடியை என் கையில் தந்துவிட்டுக் குதித்தார். காற்று போட்டைக் கம்புகளின் மேல் தள்ளியது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் அவர்கள் மேல் ஏறிவிடும், குறைத்தால் நானும் வலைக்குள் போய்விடுவேன். போட்டின் முகத்தைக் காற்றுக்கு நேரே வைத்துக்கொள் என்று வாப்பா சொல்வது காதில் கேட்டது. என் கை வேலையை மறந்திருக்கவில்லை.

அல்பிரட் அண்ணன் முதலில் கைட்டின் கயிறுகளை வெட்டினார். அது பாய்ந்து எழும்பிக் கண்டல் பக்கமாக உருண்டு போனது. லூகாஸ் மேலே வந்தார். முகம் சாம்பல் நிறம். ஆனால் இரண்டு காலும் வலைக்குள். உதறி உதறி முறுக்கிக்கொண்டிருந்தார். அல்பிரட் அண்ணன் மூழ்கிப் போய்க் கையாலேயே சிக்கெடுக்கப் பார்த்தார். மேலே வந்து மூச்சு வாங்கினார். திரும்பவும் மூழ்கினார். லூகாஸின் வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனது.

"வெட்டுங்க அண்ணன்!"

அவர் என்னைப் பார்த்தார். ஜூனில் கிழிந்ததற்குப் பிறகு வாங்கிய புது வலை. தலவிலைக் கோயில் பெருநாளுக்குக்கூடப் போகாமல், எட்டு நாள் இரவு பகலாகக் குந்தியிருந்து கட்டியது, நான் கொட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பார்வை எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு தலையை உள்ளே விட்டார். கத்தி போகப் போக மிதப்புகள் ஒவ்வொன்றாக விலகி மிதந்தன.

லூகாஸை இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டோம். அந்நிய ஆணைத் தொட்டேனே என்று நினைக்க அப்போது நேரமில்லை. அவர் கவிழ்ந்து கிடந்து வாந்தியெடுத்தார், இருமினார், பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான்தான் கேட்டிருக்க வேண்டும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போட்டைக் கரைக்குத் திருப்பினேன். அப்போது தொழுகை முடிந்து பள்ளி விட்டிருந்தது. பாதையிலிருந்து வெள்ளை உடுப்புகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. முதலில் நாலைந்து பேர், பிறகு இருபது முப்பது பேர். யாரோ கை நீட்டிக் காட்டினார்கள். ஊரே கரையில் வரிசையாக நின்றது.

அல்பிரட் அண்ணன் கத்தியை மடக்கினார். "எஞ்சினைத் தா பிள்ளை" என்றார் மெதுவாக. "நீ முன்னுக்குப் போய் இரு. கைட்டை ஏத்தி விட்டதும் நான், போட்டைப் பிடிச்சதும் நான் எண்டு சொல்லு. உன்ட மனுசனோட எனக்கு ஏற்கெனவே சண்டைதானே. இன்னொண்டு கூடினா என்ன?"

அவர் கையை நீட்டியபடி இருந்தார். உள்ளங்கையில் வலை அறுத்த கோடுகளிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அஸ்ஜத் முன்னுக்கு வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வெள்ளைச் சாரனோடு அப்படியே தண்ணீரில் இறங்கினார். முழங்காலுக்கு மேல் நனைந்தும் நிற்கவில்லை, வந்துகொண்டேயிருந்தார். என்னைக் கண்டுவிட்டார். என் கை எதில் இருக்கிறது என்பதையும் கண்டுவிட்டார். அவருடைய வலது கையில் எங்கள் போட்டின் சாவி வெயிலில் பளிச்சிட்டது.

நான் பிடியை விடவில்லை. போட்டின் முகத்தை அவருக்கு நேரே வைத்தேன்.